தவிட்டுக்கு விற்ற பிள்ளையும் குதிரை ஊசியும்

என் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தார். மலாயாவில், மெர்லிமா ஊரிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம், அதுதான் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் கிடையாது. டாக்டர் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொது. காரில் வருவார், பார்ப்பார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், புண், பிரசவம், பாம்புக்கடி அத்தனையும் என் கணவர் தலையில்தான் விடியும். பெண்கள் வந்து வாயைத் திறக்காமல் நின்றால் மட்டும் பின்வாசல் வழியாக என்னைக் கூப்பிட ஆள் வரும். எனக்குச் சம்பளமும் கிடையாது, ஓய்வும் கிடையாது.

அவர் மலாக்கா டவுனில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்தார். இங்கிலீஷ் பள்ளியில் படித்து, டவுன் ஆஸ்பத்திரியில் வேலை கற்றுக்கொண்டவர். மலாய் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்களின் தமிழ் அவருக்குப் பாதிதான் புரியும். ஒருத்தி கைக்குழந்தையைக் கொண்டுவந்து, "புள்ளைக்குச் சீர் தட்டிருச்சுங்க" என்றால், அது வயிற்றுப்போக்கு என்று தெரியாமல் இவர் கல்யாணச் சீர்வரிசையை யார் தட்டிக்கொண்டு போனது என்ற மாதிரி விழிப்பார். நான் அப்படி இல்லை. நான் லயத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எதுவரைக்கும் சொல்லிக்கொடுத்தாரோ அதுவரைக்கும் படித்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கட்டிக்கொண்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

நாங்கள் அங்கே போன புதிதில் தொண்டை அடைப்பான் வந்து ஒரு பெண் குழந்தை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இறந்தது. தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒன்று படர்ந்து மூச்சை அடைத்துவிட்டது. டவுனிலிருந்து மருந்து வரும் என்று காத்திருந்தோம். மருந்தும் வந்தது, ஆனால் குழந்தை போன பிறகு. அதன் கால்களைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால்கள் உதைத்ததும் உதைப்பதை நிறுத்தியதும் இன்னும் என் கைக்குத் தெரியும். அதற்கப்புறம் என் கணவர் டாக்டரோடு மல்லுக்கு நின்று, அந்த மருந்தை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ள வழி பண்ணினார். மரத்தூளில் பொதிந்த ஐஸ் டவுனிலிருந்து லாரியில் வரும். அந்தப் பெட்டிக்குள் சின்னச் சின்னப் புட்டிகள். உள்ளே வெளிர் மஞ்சளாகத் தண்ணீர். அதன் பெயர் சீரம். லயத்தில் அதைக் குதிரை ஊசி என்றார்கள், ஏனென்றால் அது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்தது.

டாக்டர் டிரஸ்ஸர்களையெல்லாம் டவுனில் கூட்டிவைத்து அவ்வப்போது பாடம் நடத்துவார். போய்வந்த அன்று சாப்பாட்டு வேளையில் எனக்கும் பாடம் நடக்கும். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசுவார். நான் தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டே கேட்பேன். வைசூரியிலிருந்து தப்பிக்க மாட்டு அம்மையைக் குத்தலாம் என்று கண்டுபிடித்தது இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வைத்தியராம். அவருக்கும் முன்னாலேயே பால் கறக்கிற பெண்களுக்கு அது தெரியுமாம். "அப்ப அந்தப் பொம்பளைங்க பேரை ஏன் யாரும் சொல்லல?" என்று கேட்டேன். சோறு ஆறுகிறது என்றார். அப்புறம் ஒரு பிரெஞ்சுக்காரர். கோழிக்கு வரும் நோயின் கிருமியை லீவு நாளில் அப்படியே விட்டுப் போய்விட்டார்களாம். திரும்பிவந்து அந்தப் பழைய கிருமியைக் கோழிக்குக் குத்தினால் கோழி சாகவில்லை. பிறகு புதுக் கிருமியைக் குத்தினாலும் அதே கோழி சாகவில்லை. மறந்துபோய் வைத்த சரக்கு மருந்தாகிவிட்டது. இதைக் கேட்டு நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் மறந்துபோய் வைத்ததெல்லாம் புளித்துத்தான் போயிருக்கிறது.

தொண்டை அடைப்பானுக்கு மருந்து கண்டவர்கள் ஒரு ஜெர்மன்காரரும் அவரோடு வேலை செய்த ஒரு ஜப்பான்காரரும். அந்தக் கிருமி தொண்டையில் உட்கார்ந்துகொண்டு விஷத்தைச் சுரக்கிறது. விஷம் ரத்தத்தில் போய் இதயத்தைக் கெடுக்கிறது. அந்த விஷத்தை ஒரு பிராணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால், அதன் ரத்தத்தில் விஷமுறி ஒன்று உண்டாகிறது. அந்த ரத்தத்தின் தண்ணீரை எடுத்து வேறொரு பிராணிக்குப் போட்டால் அதுவும் பிழைக்கிறது. குதிரை பெரிய உடம்பு, நிறைய ரத்தம் கொடுக்கும் என்பதால் பிறகு குதிரையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆணி குத்தினால் வருகிற ஜன்னிக்கும் இதே மாதிரி ஒரு குதிரை ஊசி உண்டு. இன்றைக்குப் பள்ளிக்கூடப் புத்தகங்களில் எதிர்ப்பொருள் என்று போடுகிறார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அது முறி, அவ்வளவுதான்.

முறி எப்படி விஷத்தை முறிக்கிறது என்று கேட்டேன். இன்னொரு ஜெர்மன்காரர் படம் போட்டே காட்டினாராம்: பூட்டுக்குச் சாவி பொருந்துகிற மாதிரி, இந்த விஷத்துக்கு இந்த முறிதான் பொருந்தும், வேறு பொருந்தாது. எனக்கு அது சரியாகப் படவில்லை. சாவியைப் பூட்டுக்குள் விட்டால் மறுபடியும் எடுத்துவிடுகிறோமே. நான் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைக் காட்டினேன். இந்தக் கொக்கி இந்த வளையத்தில் மாட்டினால் மாட்டியதுதான். வளையம் நிறைந்துவிட்டது, இனி வேறொன்று அதில் மாட்ட முடியாது. விஷத்தின் வளையத்தில் முறியின் கொக்கி மாட்டிக்கொண்டால் விஷம் நம் உடம்பில் போய் மாட்ட இடமில்லை. "ரவிக்கையை வச்சு டாக்டருக்குப் பாடம் சொல்லச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். பிறகு ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்து டிரஸ்ஸர் வந்தபோது, கொக்கியும் வளையமும் என்று தானே யோசித்த மாதிரி அளந்துகொண்டிருந்தார். நான் உள்ளேயிருந்து இருமினேன்.

ஒரு முறை டவுனுக்குப் போனபோது பரிசோதனைச் சாலையில் இதை இவர் எனக்குக் கண்ணெதிரே காட்டினார். கண்ணாடிக் குழாயில் டைபாய்டு கிருமி கலந்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கலாக இருந்தது. அதில் டைபாய்டு வந்த ஒருவருடைய ரத்தத் தண்ணீரைச் சொட்டுவிட்டார்கள். சற்று நேரத்தில் கலங்கல் திரிந்து, பூப்பூவாக அடியில் போய்த் தங்கியது. ரப்பர் பாலில் அமிலம் விட்டால் உறைகிற மாதிரிதான், ஆனால் அமிலம் எந்த மரத்துப் பாலையும் உறைய வைக்கும். இது அப்படியில்லை. வேறு நோய்க்காரரின் ரத்தத் தண்ணீரை விட்ட குழாய் கலங்கலாகவே நின்றது. ரத்தம் தான் சந்தித்த ஆளை மட்டும் அடையாளம் கண்டு பிடிக்கிறது என்று எனக்கு அன்று நன்றாக விளங்கியது.

அந்தப் பாடங்களில் என் மனசில் நின்றது நாய்க் கதை. ஓர் இளவரசரின் கப்பலில் ஆராய்ச்சி செய்த இரண்டு பேர், கடல் பிராணி ஒன்றின் விஷத்தை நாய்க்குக் கொடுத்துப் பழக்கப் பார்த்தார்களாம். முதல் தடவை நாய் தாங்கிக்கொண்டது. சில வாரம் கழித்து, முன்னைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள். நாய் அங்கேயே விழுந்து செத்தது. உடம்பு பழகும் என்று பார்த்தால், உடம்பு காத்திருந்து பாய்ந்திருக்கிறது. இதே ஆபத்து குதிரை ஊசிக்கும் உண்டு. குதிரையின் சீரத்தில் முறி மட்டுமா இருக்கிறது? குதிரையும் இருக்கிறது. நம்மைக் காப்பாற்ற வந்த கொக்கியே நம் உடம்புக்கு அந்நியன். அதைப் பிடிக்க நம் உடம்பு தனியாகக் கொக்கி செய்துவைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு தடவை போட்டவருக்கு மறுபடியும் போடும்போது முழு மருந்தையும் ஒரேயடியாக ஏற்றினால் ஆளே போகலாம். அப்படிப்பட்டவருக்குச் சொட்டுச் சொட்டாக, விட்டு விட்டுத்தான் ஏற்ற வேண்டும். முதல் தடவைக்காரருக்கு அந்தத் தாமதமே ஆபத்து, உடனே முழுசாகப் போட வேண்டும். அதனால் டாக்டர் எல்லா டிரஸ்ஸருக்கும் ஒரு கேள்வியை உருப்போட வைத்திருந்தார்: இதற்கு முன்னால் குதிரை ஊசி போட்டதுண்டா? போட்டதுண்டு என்றால் ஒரு வைத்தியம், இல்லை என்றால் இன்னொரு வைத்தியம்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்த காலம் அது. ஒருத்தி தன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை போய், அவள் புருஷனைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் பிள்ளையோடு எங்கள் தோட்டத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்து அப்போதுதான் சில மாதம் ஆகியிருந்தது. பையனுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசுகூட இல்லை. கழுத்து வீங்கி, குரல் போய், மூச்சு கரகரவென்று இழுத்தது. என் கணவர் நாக்கை அழுத்திப் பார்த்தார். தொண்டையில் அதே சாம்பல் தோல்.

டாக்டருக்கு ஆள் அனுப்பினார். டாக்டர் தங்கா பத்து என்ற ஊர்ப்பக்கம் போயிருக்கிறார், திரும்ப நேரமாகும் என்று தெரியும். புட்டியை எடுத்துவைத்துக்கொண்டு கேள்வியைக் கேட்டார்.

"இவனுக்கு முன்னாடி குதிரை ஊசி போட்டிருக்கா?"

"இல்லீங்க ஐயா. இந்தப் புள்ளைக்கு ஊசியே போட்டதில்லீங்க" என்றாள்.

கூட வந்த அண்ணனைக் கேட்டார். அவர் எங்கள் தோட்டத்திலேயே பல வருஷம் இருந்தவர், தங்கை வீட்டுச் சமாசாரம் அவருக்கு எதுவும் தெரியாது. அவள் சொல்வதுதான் சரி என்று தலையாட்டினார். என் கணவர் முழு மருந்தையும் ஊசியில் ஏற்றத் தொடங்கினார்.

நான் கொதிநீர் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தது அப்போதுதான். பையனின் தலையைப் பிடித்துக்கொள்ளக் குனிந்தேன். அவன் மூக்கில் மெல்லிய செப்புக் கம்பி ஒன்று கிடந்தது. "உம் பேரு என்னப்பா?" என்று கேட்டேன். அவனால் பேச முடியவில்லை. அம்மா சொன்னாள். குப்பைமேட்டில் கிடப்பதைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு பெயர்.

"கொஞ்சம் நில்லுங்க" என்று இவர் கையைப் பிடித்தேன்.

டவுனில் வளர்ந்தவருக்கு அந்தக் கம்பி வெறும் அலங்காரம். எனக்கு அப்படியில்லை. என் பெரியண்ணன் மூக்கிலும் அது இருந்தது. பிறக்கிற பிள்ளைகள் தங்காத வீட்டிலும், பிள்ளை சாகக் கிடந்து பிழைத்த வீட்டிலும் எங்கள் ஆட்கள் ஒன்று செய்வார்கள். பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வாங்கியவள் மூக்குக் குத்தி, யாரும் ஆசைப்படாத ஒரு பெயரை வைத்து, வளர்க்கச் சொல்லிப் பெற்றவளிடமே திருப்பிக் கொடுப்பாள். அன்றோடு பழைய பிள்ளை இல்லை. எமன் தேடி வந்தால் அந்தப் பெயரில் அந்த வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. பெற்றவள் பழைய பிள்ளையின் நோவையோ பேரையோ இந்தப் பிள்ளையுடையது என்று வாய் தவறியும் சொல்ல மாட்டாள். சொன்னால் விற்றது செல்லாது.

இவரை வராந்தாவுக்கு இழுத்து வந்து அவசரமாகச் சொன்னேன். இவன் ஒரு தடவை சாகக் கிடந்திருக்கிறான், எதனால் என்று தெரியாமல் முழுசாகப் போடாதீர்கள் என்றேன்.

"அம்மாவே இல்லேங்கிறா. நீ மூக்கைப் பாத்து ஜோசியம் சொல்றியா? ஒவ்வொரு நிமிஷமும் விஷம் ஏறுதுடி" என்றார்.

"அவ சொல்றது வேற புள்ளைய. நான் கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் குத்துனீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன்.

அவளைத் துணித் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் நேராகக் கேட்டேன். "இவனைத் தவிட்டுக்கு வித்தியா? அதுக்கு முன்னாடி இவனுக்கு என்ன வந்துச்சு? ஊசி போட்டாங்களா?"

அவள் முகம் வெளிறிப்போனது. "அப்படிக் கேக்காதீங்கம்மா. இவனுக்கு ஒண்ணுமே வந்ததில்லம்மா" என்று என் வாயைப் பொத்த வந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை திரைக்கு அந்தப் பக்கம் மூச்சுக்குத் திணறுகிறது, இவள் கதை அளக்கிறாளே என்று கத்தியே விட்டேன். அவள் அழவும் இல்லை, நகரவும் இல்லை. மறுபடியும் அதையே சொன்னாள். அவளைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இவள் பொய் சொல்லவில்லை. நான் எந்தப் பிள்ளைக்காகப் பதறுகிறேனோ அதே பிள்ளையைத்தான் இவளும் வாயை மூடிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். நான் அவளை என்ன செய்யச் சொல்கிறேன்? அவளைப் பொறுத்தவரை, எமனுக்கு வழி காட்டச் சொல்கிறேன்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளையும் உட்காரச் சொன்னேன். குரலை இறக்கிக்கொண்டு வேறு விதமாகக் கேட்டேன்.

"சரிம்மா. இவனுக்கு ஒண்ணும் வரல. நீ வித்த அந்தப் புள்ள இருந்துச்சே, அதுக்கு என்ன ஆச்சு?"

அவள் உடனே பதில் சொன்னாள். அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதில் அவளுக்கு எந்தத் தடையும் இல்லை.

"அந்தப் புள்ள கால்ல துரு ஆணி ஏறிருச்சுங்க. ஜன்னி வராம இருக்கணும்னு அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில குதிரை ஊசி போட்டாங்க. கால் ஆறிப்போச்சு. ஒரு வாரத்துக்கு மேல போயி உடம்பெல்லாம் தடிச்சிருச்சு, மூஞ்சி வீங்கி கண்ணு தெரியல, முட்டியெல்லாம் புடிச்சிக்கிட்டு நடக்க முடியல, ஒரே காய்ச்சலு. ரொம்ப சூசா, படாத பாடு பட்டுருச்சும்மா. அதுக்கு முன்ன ரெண்டு போயிருச்சு எனக்கு. இதையும் கொண்டுபோயிருவான்னுதான் எதுத்த வீட்டு அக்காவுக்குத் தவிட்டுக்குக் குடுத்துட்டேன்."

"அந்தப் புள்ள இப்ப எங்க?"

"வித்தாச்சே. எனக்குத் தெரியாதுங்க" என்று கையை விரித்தாள்.

திரையை விலக்கிப் பார்த்தால் என் கணவர் அங்கேயே நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பழைய ஊசிக்கு ஒரு வாரம் கழித்து வந்த தடிப்பும் வீக்கமும் என்னவென்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. குதிரைக்கு எதிராக அந்த உடம்பு கொக்கி செய்து முடிக்க அவ்வளவு நாள் பிடித்திருக்கிறது. மீதியிருந்த குதிரையை அது பிடித்ததில் வந்த கோளாறு அது. அந்தக் கொக்கிகள் அவனுடைய ரத்தத்தில் இன்னும் இருக்கும். பேரை மாற்றினாலும் மூக்கைக் குத்தினாலும் ரத்தம் அவன் அவனேதான் என்று வைத்திருக்கும்.

நிறைத்த ஊசியைத் தட்டில் வைத்தார். வேறு ஊசியில் மருந்தைத் தண்ணீர் சேர்த்து நீர்க்கவைத்து, ஒரு சொட்டுக்கும் குறைவாகக் கையில் தோலுக்கடியில் போட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் தடித்து, சுற்றிலும் சிவந்து பரவியது. அவன் சொறியக் கையைத் தூக்கினான். இழுப்பு கூடியது, உதடு நீலம் பாய்ந்தது. எனக்கு அந்தப் பெண் குழந்தையின் கால் ஞாபகம் வந்தது. இவர் தயாராக வைத்திருந்த அட்ரினலினைக் குத்தினார். இழுப்பு மெல்லத் தணிந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. காத்திருந்து, இன்னும் நீர்க்கவைத்து மறுபடியும் போட்டார். பிறகு கொஞ்சம் கூட்டினார். மறுபடியும் காத்திருந்தார். மத்தியானம் முழுக்க இப்படியே போனது. அவள் சுவரோரம் உட்கார்ந்து பையன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற நேரத்தில் முழு மருந்தும் உள்ளே போயிருந்தது.

அன்று என் கணவர் வீட்டுக்கு வந்து காப்பி குடித்த பிறகு, "உங்க அண்ணனை எத்தனை முறம் தவிட்டுக்கு வித்தாங்க?" என்று மட்டும் கேட்டார். நன்றி சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அதுதான். மறுநாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சொட்டுச் சொட்டாகப் போட்டது சரிதான் என்று சொல்லி, இதயத்துக்காக அவனைப் பல நாள் படுக்கையை விட்டு எழவிடாதீர்கள் என்றார். தொண்டையில் இருந்த தோல் உரிந்து வந்தது. குரல் திரும்பிய அன்று அவன் முதலில் கேட்டது பிஸ்கட்.

அப்புறம்தான் எனக்கு வேறு கவலை பிடித்தது. அவள் புருஷன் ஊரிலிருந்து கூப்பிட்டுவிட்டான். பிள்ளை தேறியதும் அவளையும் கப்பலேற்றிவிடப் போவதாக ஆபீஸில் சொல்லியாகிவிட்டது. ஊரில் இவன் காலில் இன்னொரு ஆணி ஏறலாம். எவனோ ஒரு டிரஸ்ஸர் அதே கேள்வியைக் கேட்பான். இவள் அதே பதிலைச் சொல்வாள். அங்கே மூக்கைப் பார்க்க நான் இருக்க மாட்டேன்.

அவளிடம் நல்ல விதமாகச் சொன்னேன். இனிமேல் யார் கேட்டாலும் குதிரை ஊசி ரெண்டு தடவை போட்டிருக்கு என்று சொல்லிவிடு என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொன்னா அதுக்குக் காது கேக்கும்லா அம்மா" என்றாள். எது என்று நான் கேட்கவில்லை.

அதோடு விடவில்லை அவள். பிள்ளை இன்னொரு தடவை சாகக் கிடந்து எழுந்துவிட்டானே, மறுபடியும் விற்க வேண்டும், நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். எங்கள் வீட்டு மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு முறம் அள்ளிக் கொடுத்து வாங்கினேன். என் கணவர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் முகத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியைப் பார்த்தேன், அதைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. இப்போது தொண்டை அடைப்பானும் வேறு பிள்ளைக்கு வந்த நோயாகிவிட்டது. என் கணவர் இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மரியாதையாக வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அது கப்பலுக்குப் போகுமுன் அடுப்புக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். வாயால் சொல்வதும் எழுதி வைப்பதும் அவளுக்கு ஒன்றுதான்.

அவளைத் திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவளை விட்டுவிட்டு அவனிடம் போனேன். படுக்கையை விட்டு எழக் கூடாதென்று கட்டிப்போட்ட பிள்ளை, எதைச் சொல்லிக் கொடுத்தாலும் விளையாட்டாகப் பிடித்துக்கொள்வான். "எனக்குக் குதிரை ஆகாது" என்று சொல்லச் சொன்னேன். சொன்னான். "ஊசி போட வந்தா என்ன சொல்லணும்?" என்றால், "எனக்குக் குதிரை ஆகாது" என்பான்.

"கழுதை ஆகுமா அத்தை?" என்று கேட்டான்.

"கழுதை ஆகும். குதிரைதான் ஆகாது."

"நாயி?"

"நாயும் ஆகும். சொல்லு, எது ஆகாது?"

ஒவ்வொரு நாளும் பிஸ்கட் கொடுப்பதற்கு முன்னால் அதைச் சொல்ல வைத்தேன். அவன் அம்மா அப்போது அங்கே இருந்தால் தண்ணீர் எடுக்கிற மாதிரி எழுந்து வெளியே போய்விடுவாள். வேண்டாம் என்று என்னை ஒருநாளும் தடுத்ததில்லை. அவளுக்கு என்மேல் கோபமா இல்லையா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அவர்களை ரயிலேற்றப் புலாவ் செபாங் ஸ்டேஷனுக்கு நாங்கள் இரண்டு பேரும் லாரியில் போனோம். ஊருக்குத் திரும்புகிற கூட்டம் நிறைய இருந்தது. மூட்டையும் பானையுமாக நெரிசலில் அவர்கள் ஏறிவிட்டார்கள். பையன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான், நான் தைத்தது. வண்டி புறப்பட விசில் ஊதிவிட்டார்கள். நான் ஜன்னல்கிட்டே போய், "எது ஆகாது?" என்று கேட்டேன். சுற்றிலும் புது முகங்கள், புகை, சத்தம். அவன் மிரண்டுபோய் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

வண்டி நகரத் தொடங்கியது. நானும் கூடவே நடந்தேன். அவள் மடியில் இருந்த மூட்டையைக் கீழே தள்ளிவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் தன் காதுகளை இறுக்கப் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொண்டு, முழங்கையால் அவனை ஜன்னல் பக்கம் இடித்தாள்.

"சொல்லுடா" என்றாள். "அத்தை கேக்குறாங்கல்ல. சத்தமா சொல்லு."